வெறிக்களத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

நோய் தீர்க்கும் காட்சி நம் இலக்கியத்திலும் கூத்திலும் தொன்றுதொட்டு வருகிறது. அதில் நோயாளி ஒருவர், நோய் தீர்க்க வந்தவர் ஒருவர். இவர்கள் இருவரையும் பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதாக அங்கே ஒரு கூட்டமும் நிற்கிறது: தாய், செவிலி, தோழி, பக்கத்து வீட்டார், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள். இந்தக் கூட்டத்துக்கு அந்தக் காட்சியில் என்ன வேலை? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவள் செம்பூரில் இருக்கும் என் அக்கா மகள். கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமை இரவானால் அவளும் நண்பர்களும் ஆறு பேர் ஆறு ஊரிலிருந்து கணினி முன் உட்கார்ந்து 'ரோல்பிளே' ஆடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரமாகவே பேசியும் எழுதியும் கதையை நகர்த்துகிறார்கள். கதைக்களத்தை விவரிக்கவும், பகைவர்களுக்காகப் பேசவும், 'அடுத்து யார்?' என்று கேட்கவும் அவர்களில் ஒருவன் இருக்கிறான். கூத்து பார்த்தவர்களுக்குச் சொல்வதானால், அவன்தான் கட்டியங்காரன்.

இவ்வகை ஆட்டம் நேற்று முளைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். 1978இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள், பலரும் கணினி வழியாக ஒரே கதை உலகில் உலவும்படி ஓர் ஆட்டத்தை அமைத்தார்கள். இன்றைய இணைய ஆட்டங்கள் பலவும் அந்த இரண்டின் வாரிசுகள். இவற்றில் பெரும்பாலும் போர் செய்பவன், திருடன், மந்திரவாதி ஆகியோருடன் 'காயம் ஆற்றுபவர்' என்ற பாத்திரமும் கட்டாயம் உண்டு.

சிக்கல் இங்கேதான் வருகிறது. என் மருமகளின் குழுவில் ஒரு பாத்திரத்தின் ஊர் எரிந்துபோனதாகக் கதை போயிற்று. அந்தப் பாத்திரம் பேச்சை நிறுத்திவிட்டது. காயம் ஆற்றுபவள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். இருவரும் நன்றாகவே ஆடினார்களாம், ஒன்றேகால் மணி நேரம். மற்றவர்கள்? "நாங்க சும்மா பாத்துக்கிட்டு இருந்தோம் மாமா. நான் எழுந்து போய் தோசை சாப்டுட்டு வந்தேன், அப்பவும் முடியல" என்றாள். அடுத்த வாரம் கட்டியங்காரப் பையன் ஒரு பரிகாரம் செய்தான். எல்லோருக்கும் ஒரே விஷம் ஏறியதாகச் சொல்லி, எல்லோரையும் ஒரே மந்திரத்தில் குணப்படுத்திவிட்டான். "அது இன்னும் போர் மாமா. எனக்கு வராத நோய எனக்கு வந்துச்சுன்னா எப்படி?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் ஒரு நல்ல விமரிசனம் இருக்கிறது. ஓரத்தில் நிற்பவரை மறந்துவிடுவது ஒரு பிழை. அவரையும் நோயாளியாக்கிச் சேர்த்துக்கொள்வது வேறொரு பிழை. இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா என்று தேடினால், நம் மரபே சில வழிகளைக் காட்டுகிறது. அந்த மரபு சறுக்கிய இடத்தையும் சேர்த்தே பார்க்கப் போகிறோம்.

தோழியின் கேள்வி

அகப்பாடல்களில் வரும் வெறியாட்டை நாம் பள்ளியிலேயே படித்திருப்போம். தலைவி மெலிகிறாள், உண்பதில்லை, உறங்குவதில்லை. காரணம் காதல். தாய்க்கு அது தெரியாது. கட்டுவிச்சியைக் கூப்பிட்டுக் கழங்கு பார்க்கச் சொல்கிறாள். முருகன் அணங்கினான் என்று குறி வருகிறது. வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து ஆடுகிறான். தொல்காப்பியமும் களவியலில் செவிலி பேசும் இடங்களைச் சொல்லும்போது கட்டையும் கழங்கையும் வெறியையும் குறிப்பிடுகிறது.

இந்தக் காட்சியை அரங்காகக் கற்பனை செய்து பாருங்கள். நடுவில் வேலன். எதிரே தலைவி. சுற்றிலும் வீட்டார். அத்தனை பேரிலும் நோயின் காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நோயாளியான தலைவி, ஓரத்தில் நிற்கும் தோழி. தலைவியால் சொல்ல முடியாது. தோழியிடம் ஒருவரும் கேட்கவில்லை. மருந்து கையில் இருப்பவள் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறாள். வெறியாட்டுப் பாடல்களின் நாடகம் முழுவதும் இந்த ஒரு முரணில் பிறக்கிறது என்பது என் வாசிப்பு.

அந்தத் தோழி என்ன செய்கிறாள்? அவள் செயலுக்கு 'வெறிவிலக்கல்' என்று தனித்துறையே வகுத்துவிட்டார்கள். குறுந்தொகை 362ஆம் பாட்டில் அவள் வேலனைப் பார்த்து, கோபப்படாதே என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒரு கேள்வி போடுகிறாள்: நீ கொடுக்கும் இந்தப் பலியை, இவளை வருத்திய மலைநாட்டானின் மார்பும் உண்ணுமா? கேள்வி வேலனுக்கு, பதில் தாய்க்கு. நற்றிணை 34இல் அவள் முருகனையே நேராகக் கேட்கிறாள். இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்துவிட்டாயே, கடவுளாக இருந்தாலும் நீ அறியாதவன்தான் என்கிறாள்.

அவளுக்கு இன்னொரு முறையும் தெரியும். குறுந்தொகை 23இல் ஔவையார் படைத்த தோழி, குறி சொல்லும் அகவன் மகளை எதிர்ப்பதே இல்லை. அவள் மலைகளைப் பாடிக்கொண்டே வரும்போது, தலைவனுடைய குன்றைப் பாடிய பாட்டை மட்டும் இன்னொரு முறை பாடச் சொல்கிறாள். அவ்வளவுதான். கூடியிருந்தவர்களுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிடும். நோய் தீர்க்க வந்தவளின் கலையை மதித்து, அந்தக் கலையைக் கொண்டே உண்மையை வெளிக்கொணர்கிறாள்.

வெறியாட்டைப் பாடியதாலேயே 'வெறிபாடிய' என்ற அடைமொழி பெற்ற காமக்கண்ணியாரின் அகநானூறு 22ஆம் பாட்டில் வேடிக்கை இன்னும் கூடுகிறது. வெறியாடிய இரவில் தலைவன் ரகசியமாக வந்துபோக, தலைவியின் வாட்டம் தீர்கிறது. வேலனை நினைத்து அவள் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். கூட்டம் நிறைய இருந்தும் கேள்வி கேட்க ஆளில்லாத காட்சியின் முடிவு அப்படித்தான் இருக்கும்: குணமானது ஒன்றால், பெயர் மற்றொன்றுக்கு.

எலுமிச்சம்பழமும் 'ஆமா'வும்

சங்கப் பாடலில் தோழி தானாகத் துணிந்து உள்ளே வருகிறாள். கூத்தில் அப்படித் துணிய வேண்டியதில்லை, இடம் ஏற்கெனவே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்குத் திரௌபதி அம்மன் விழாவின் 'அர்ச்சுனன் தபசு' தெரிந்திருக்கும். தபசு மரம் என்று நெடிய மரம் ஒன்றை நட்டு, அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே அதன்மேல் ஏறுவார். கதைப்படி அவர் பாசுபதம் பெறத் தவம் செய்யப் போகிறார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கூடியிருப்பார்கள். மேலிருந்து அர்ச்சுனன் எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வ இலையும் போடுவார். மடியேந்தி வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பெண்கள் பாரதக் கதையில் ஒரு பாத்திரமும் இல்லை, அவர்களுக்கு வசனமும் கிடையாது. ஆனாலும் கதை அவர்களுக்காக ஒரு கணம் நிற்கிறது. அர்ச்சுனன் தன் காரியமாக மேலே போகிறான், போகிற வழியில் கீழே நிற்பவர்களுக்கும் ஒரு பழம் விழுகிறது. கூத்து கண்டுபிடித்த மிக நுட்பமான உத்திகளில் ஒன்று இது என்பேன்.

பதினெட்டாம் போர் நாளன்று படுகளம். துரியோதனனைப் பெரிய மண் உருவமாகத் தரையில் கிடத்தியிருப்பார்கள். வேடக்காரர்கள் அங்கேயே வந்து ஆடிப் போரை முடிப்பார்கள். சில ஊர்களில் இறந்தவர்களாகச் சிலர் படுத்திருக்க, அவர்களை அம்மன் பேரால் எழுப்பும் சடங்கும் உண்டு. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988லும் 1991லும் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய இரு தொகுதிகளில் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். எழுப்பும் சடங்கில் ஊர் முழுவதும் படுத்துக்கொள்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிலர் படுக்கிறார்கள், சிலர் அழுகிறார்கள், சிலர் தண்ணீர் கொண்டு வருகிறார்கள், பலர் சுற்றி நிற்கிறார்கள். 'எல்லோருக்கும் விஷம் ஏறிவிட்டது' என்ற பரிகாரம் கூத்துக்குத் தேவைப்படவில்லை.

தாராவியில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் அதிகம். அவர்களுக்கு வில்லுப்பாட்டை நான் விளக்கத் தேவையில்லை. புலவர் ஒரு அடி சொன்னதும் குடமும் தாளமும் வைத்திருப்பவர்கள் 'ஆமா' என்பார்கள். கேட்பவனின் வேலையையே ஒரு பாத்திரமாக்கி மேடையில் உட்கார வைத்துவிட்டோம்! கொடை விழாவில் கதை உச்சத்துக்கு வரும்போது சாமியாடி எழுவார். அவர் பாட்டுக் குழுவைச் சேர்ந்தவரில்லை, அந்த ஊர்க்காரர். அவருக்கு அருள் வருகிறதா என்று பார்த்துத்தான் புலவர் பாட்டை நீட்டுவதும் குறுக்குவதும். தெற்கத்தி வில்லுப்பாட்டை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் ஒரு நூல் எழுதினார். பாட்டுக்கும் அருளுக்கும் உள்ள இந்தப் பிணைப்பு அதில் முக்கியமான பொருள்.

தாதரில் குடியிருப்பவன் என்பதால் மராத்தியர்களின் ஒரு மரபையும் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் பைட்டணில் வாழ்ந்த சந்த் ஏக்நாத்தின் பாரூடுகளில் தேள் கொட்டியவரின் பாரூட் மிகப் பிரபலம். தேள் கொட்டிவிட்டது என்று கத்திக்கொண்டு ஒருவர் துடிப்பார். வந்த தேள் காமமும் குரோதமும், அதற்கு மருந்து சத்துவ குணம் என்று பாட்டு முடியும். துடிப்பவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவனுக்கு, அந்தத் தேள் தன்னையும் கொட்டியிருப்பது மெல்லப் புரியும். சுற்றி நிற்பவரைச் சேர்த்துக்கொள்ள இதுவும் ஒரு வழி. அவனைத் தொடவே வேண்டாம்; சிரிக்கவிட்டால் போதும்.

யார் அருகில் வரலாம்?

மரபைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் இது விமரிசனமாகாது. அதே திரௌபதி அம்மன் கோயில்களில் எல்லோரும் அருகில் வர முடிந்ததா? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் ஆதிதிராவிட மக்கள் கோயிலுக்குள் வருவதைத் தடுத்ததால் எழுந்த மோதலில், 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பின், 2025 ஏப்ரலில்தான் அவர்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே சென்று வழிபட்டார்கள்.

வெளியே நிற்பது ஒருவர் தேர்ந்துகொண்டதா, மற்றவர் சுமத்தியதா? இதைக் கேட்காமல் 'ஓரத்தில் நிற்பவர்' என்று பொதுவாகப் பேசுவது பாதி உண்மைதான். கூத்து பார்க்கப் போய்ப் பாயில் படுத்துத் தூங்குபவர் தம் விருப்பத்தில் தூங்குகிறார். நடுச்சாமத்தில் விழித்து முன்னால் நகர்ந்து உட்காரவும் அவருக்கு உரிமை உண்டு. வாசலிலேயே நிறுத்தப்பட்டவருக்கு அந்த உரிமை இல்லை. இணைய ஆட்டத்திலும் இதே நிலைதான். பேசாமல் இருப்பவர் ரசிக்கிறாரா, இடம் கிடைக்காமல் இருக்கிறாரா என்பது திரையைப் பார்த்தால் தெரியாது. வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஓரத்தில் நின்றவர்கள் மடிந்த கதை

இணைய உலகத்திலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்பது லட்சக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் ஆடும் இணைய ஆட்டம். 2005 செப்டம்பரில் அதில் புதிதாக ஒரு பகைவனைச் சேர்த்தார்கள். அவனோடு மோதுபவர்களுக்கு 'கெட்ட ரத்தம்' என்ற தொற்று ஏறும். பலம் மிக்க ஆட்டக்காரர்கள் தாங்கிக்கொள்வார்கள், களத்தை விட்டு வெளியேறினால் தொற்றும் போய்விடும் என்பது ஏற்பாடு. வளர்ப்பு விலங்குகள் வழியாக அது நகரங்களுக்குள் பரவிவிட்டது. அந்தப் போரில் சம்பந்தமே இல்லாமல், சந்தைத் தெருவில் நின்றுகொண்டிருந்த புது ஆட்டக்காரர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள்.

அப்போது நடந்தது கவனிக்கத்தக்கது. காயம் ஆற்றும் வல்லமை உள்ள பலர், யாரும் சொல்லாமலே முன்வந்து முன்பின் தெரியாதவர்களைக் குணப்படுத்தினார்கள். சிலர் வேடிக்கை பார்க்க உள்ளே போய்த் தொற்றை வாங்கி வந்தார்கள். சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். எரிக் லாஃப்கிரன், நினா ஃபெஃபர்மன் என்ற இருவர் இதை ஆராய்ந்து 2007இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் கட்டுரை எழுதினார்கள். உண்மையான கொள்ளைநோயில் மனிதர் எப்படி நடந்துகொள்வர் என்று அறிய இது உதவும் என்பது அவர்கள் கருத்து. 2020இல் கொரோனா வந்தபோது இந்தப் பழைய கதை மறுபடி பேசப்பட்டது.

எனக்கு இதில் தெரிவது வேறொன்று. ஆட்டத்தை அமைத்தவர்கள் நோயாளியையும் மருத்துவனையும் மட்டும் கணக்கில் வைத்திருந்தார்கள். சந்தைத் தெருவில் நிற்பவனுக்கு அவர்கள் ஒரு வேலையும் எழுதி வைக்கவில்லை. எழுதப்படாத அந்த வேலையை, நல்லதோ கெட்டதோ, அவனவன் தானே எழுதிக்கொண்டான். ஓரத்தில் நிற்பவரைக் காட்சியிலிருந்து விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். அவர் காட்சிக்குள்தான் இருக்கிறார்.

யாழ்ப்பாணமும் தாராவியும்

விளையாட்டை விட்டு உண்மையான காயத்துக்கு வருவோம். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் நாடகக்காரர்களும் உளமருத்துவர்களும் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறியது. பின்னாளில் சிதம்பரநாதன், பார்வையாளர் என்று தனியாக ஒருவர் இல்லாத, சடங்கைப் போல எல்லோரும் பங்குகொள்ளும் அரங்கை நோக்கிப் போனார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலிலும், 2007இல் கூட்டு மனவடு பற்றி எழுதிய ஆய்விலும் போரின் காயத்தை ஆராய்ந்தார். அது ஒருவரை மட்டும் தாக்குவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது, ஆகவே தனி ஆளுக்கு மட்டும் செய்யும் சிகிச்சை போதாது என்பது அவருடைய வாதம். கோயில் சடங்குகளுக்கும் மரபான துக்க முறைகளுக்கும் அவர் அதில் இடம் கொடுக்கிறார்.

நம் மும்பையிலும் அப்படி ஒரு காயம் உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரத்தைத் தாராவித் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. அதற்குப் பின் அங்கே பாவு கோர்டேயும் வக்கார் கானும் செய்த ஒற்றுமைப் பணியை, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அஞ்சலி மொன்டெய்ரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003இல் 'நாதா' என்ற ஆவணப்படமாக எடுத்தார்கள். வக்கார் கான் ஆயத்த ஆடைத் தொழில் செய்தவர். நான்கு சிறுவர்களுக்கு நான்கு மதத்தாரின் வேடம் போட்டுப் படமெடுத்துச் சுவரொட்டியாக்கினார். பெரியவர்கள் போட்ட சண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வேடத்தைக் கொடுத்து, இப்போது நீங்கள் நடுவில் வாருங்கள் என்றது அந்தச் சுவரொட்டி. கலை என்ற அளவில் அது எளிமையானதுதான், கொஞ்சம் பள்ளி ஆண்டுவிழா வாடையும் அடிக்கும். ஆனால் யாரை நடுவில் நிறுத்துவது என்ற தேர்வில் அது தவறவில்லை.

ஆட்டத்துக்குத் திரும்பினால்

இவ்வளவும் சொன்ன பிறகு என் மருமகள் கேட்டாள்: "சரி மாமா, சனிக்கிழமைக்கு என்ன செய்யணும், அதச் சொல்லுங்க." நியாயமான கேள்வி. கோயில் கொடையும் கணினி ஆட்டமும் ஒன்றா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கூத்திலும் கட்டியங்காரன் கிண்டலும் கேலியுமாகத்தான் பேசுகிறான். விளையாட்டாக இருப்பதால் அதன் கனம் குறைந்துவிடவில்லை. ஆகவே அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

முதலில், காயம் பட்ட பாத்திரத்தை ஆடுபவரிடம் கேளுங்கள்: யார் பக்கத்தில் வரலாம்? அது அவர் உரிமை. தனியாக இருக்க விரும்பினால் காட்சியைச் சுருக்கமாக முடித்துவிட்டுக் கதையை மற்றவர்களிடம் கொண்டுபோகலாம்.

அடுத்து, நிற்பவர்களுக்குச் சின்னச் சின்ன வேலை வேண்டும். ஒருவர் வாசலில் காவல், ஒருவர் தண்ணீர் சுட வைக்கிறார், ஒருவர் எரிந்த ஊரில் மிச்சம் கிடந்த ஒரு பொருளைத் தேடி எடுத்து வருகிறார். இவை கதையைப் புரட்டிப் போட வேண்டியதில்லை. வில்லுப்பாட்டின் 'ஆமா'வைப் போல, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னால் போதும். ஒருவருக்கு ஒரு வரி, ஒரு செயல் என்று சுற்றுக்கு விட்டால் ஒன்றேகால் மணி நேரக் காட்சி இருபது நிமிடத்தில் முடியும், கனமும் கூடும்.

மூன்றாவது, தோழிக்கு இடம் வையுங்கள். நோயாளியைப் பற்றி மருத்துவருக்குத் தெரியாத ஒன்று வேறு ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். அவர் கேட்கும் ஒரு கேள்வியால் சிகிச்சையே திசை மாறலாம். கட்டியங்காரன் இதை முன்கூட்டியே யோசித்து, யாராவது ஒருவர் காதில் போட்டு வைக்க வேண்டும்.

நான்காவது, எலுமிச்சம்பழம். குணமாகும் அந்தக் கணத்தில் மற்றவர்களுக்கும் ஏதாவது விழட்டும்: ஒரு பழைய நினைவு, ஒரு துணிவு, அடுத்த நாள் பயணத்துக்கு ஒரு துப்பு. எல்லோரையும் நோயாளியாக்குவதைவிட, எல்லோருக்கும் கொஞ்சம் பிரசாதம் கொடுப்பது எவ்வளவோ மேல். வாங்காமல் தள்ளி நிற்க நினைப்பவரை வற்புறுத்தவும் கூடாது.

கடைசியாக, வேடத்தைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். வியன்னாவில் நாடகத்தையே மருந்தாக்கத் தொடங்கிய ஜேக்கப் மொரேனோ, தம் உளநாடக முறையில் ஆட்டம் முடிந்ததும் பகிர்வு என்ற ஒரு பகுதியை வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்போது பேசலாம். அறிவுரை சொல்லக் கூடாது, அலசி ஆராயக் கூடாது. இதைப் பார்த்தபோது என் வாழ்க்கையில் எனக்கு நினைவுக்கு வந்தது இது என்று மட்டும் சொல்லலாம். பிரேசிலின் அகஸ்தோ போவால் பார்வையாளரை மேடைக்கே அழைத்தவர். இருவருக்கும் நடுவில் பகிர்வே நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் விளையாட்டில் எரிந்த ஊர் சில சமயம் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவனுக்குத்தான் அன்றைக்கு அதிகமாக வலித்திருக்கும்.

இந்த விஷயத்தை நான் இத்தனை தூரம் இழுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பரேலில் டாடா நினைவு மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நம்மில் பலர் வீட்டில் தங்க வைத்திருக்கிறோம். ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் நோய்க்குத் தனியிடம் கிடையாது. டாக்டர் சொன்னதைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். பக்கத்திலேயே பிள்ளை உட்கார்ந்திருக்கும். "நீ போய்ப் படி" என்போம். போக வேறு அறை ஏது? சுவர்ப் பக்கம் திரும்பிப் புத்தகத்தை விரித்துக்கொள்ளும். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும். 2020இல் ஊரில் நடந்த சாவுகளை இங்கிருந்தே செல்போனில் பார்த்த குடும்பங்களிலும் பிள்ளைகள் அப்படித்தான் ஓரத்தில் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "தாத்தாவுக்கு இந்த வெந்நிய எடுத்துட்டுப் போய்க் குடு, ரெண்டு நிமிஷம் பக்கத்துல உட்காரு" என்று சொல்வதற்கு மருத்துவ அறிவு ஒன்றும் தேவையில்லை. தாத்தாவைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதாவது அதற்குத் தெரிந்திருக்கலாம். கேட்டால்தானே சொல்லும்.